மகேந்திரன் ஜெயித்த ஓட்டம்

மகேந்திரனுக்கு ஓடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவரும் ஓடுகிறவர்தான்.

கோலாலம்பூருக்கு வடக்கே, ரவாங்கில் அவர் குடியிருக்கும் தாமான் வீடுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஏரி உண்டு. விடிந்தும் விடியாமலும் அதைச் சுற்றி ஆட்கள் ஓடுவார்கள். மகேந்திரனும் ஓடுவார்; எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓடுவார். வேர்க்கும் முன்பே நின்று படம் பிடித்துக்கொள்கிறவன். கைபேசியைப் புஜத்தில் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு அதனிடமே வழி கேட்கிறவன். ஒரே வாசகம் அச்சடித்த சட்டையை ஜோடியாகப் போட்டுக்கொண்டு வந்து, பாதித் தூரத்தில் சண்டை பிடித்துக்கொண்டு திரும்பிப் போகும் புருஷனும் பொண்டாட்டியும். இவர்கள் எல்லாரையும்விட மோசமானவர்கள், எதிரே வரும்போது கையைத் தூக்கி, "மோர்னிங், அங்கிள்!" என்று பல்லைக் காட்டுகிறவர்கள். ஓடுகிற மனுஷனுக்குப் பேச மூச்சு மிச்சம் இருக்கிறது என்றால் அவன் ஓடவில்லை, ஊர்வலம் போகிறான் என்பது மகேந்திரனின் கட்சி.

நாற்பத்தெட்டு வயது. சுங்கை சோ பக்கம் கார் விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வரிசையாக வரும் மூடிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு கீறல் இருந்தாலும் கழிவுப் பெட்டியில் வீச வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வேலை. அங்கே அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணை அவர் கழற்றி வைக்கவில்லை. மனைவி பிரமிளாவின் சாம்பார், பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்தும் இலட்சணம், கோயில் தலைவரின் மைக் பேச்சு என்று சகலத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வீசிக்கொண்டே இருந்தார்.

ஓட்டம் அவருக்குப் பிடித்ததே அந்தத் தொழிற்சாலையால்தான். ஒருமுறை குடும்ப தினம் என்று சொல்லி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். மகேந்திரன் மூன்றாவதாக வந்தார். மேனேஜர் நாக்கைத் தள்ளிக்கொண்டு கடைசிக்கு முந்தின ஆளாக வந்ததைக் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கண் குளிரப் பார்த்தார். பரிசு என்னவோ ஒரு குடையும் ஒரு துவாலையும்தான். ஆனால் மற்றவனைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிற ருசி இருக்கிறதே, அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை, யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூ பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. காலுறை தொழிற்சாலையில் கொடுத்த வெள்ளைப் பருத்திக் காலுறை, கம்பளி கணக்காகத் தடித்தது. ஓடுகிறவர்களுக்கென்றே மெல்லிய காலுறை விற்கிறது என்று யாரோ சொன்னபோது, "கால் ஓடுதா, காலுறை ஓடுதா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தார். கோலாலம்பூரில் முதல் முழு மாரத்தான் ஓடியபோது தண்ணீர் வைத்திருந்த மேசை எதிலும் அவர் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த கூட்டம் என்று அவர்களைத் தாண்டித் தாண்டி ஓடினார். முக்கால்வாசித் தூரத்தில் இரண்டு கெண்டைக்காலும் கட்டை கணக்காக இறுகி, ரோட்டோரம் உட்கார்ந்தவரை, ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வந்த பஸ் அள்ளிக்கொண்டு போனது. பஸ்ஸில் இருந்தவர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தோற்றவர்களோடு அவருக்கு என்ன பேச்சு? ரோடு மேடும் பள்ளமுமாகப் போட்டிருக்கிறான் மடையன் என்று வீட்டில் வந்து சொன்னார்.

இரண்டாவது மாரத்தானை முடித்தார். மூன்றாவதையும் முடித்தார். பதக்கங்களைக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் நாடகம் பார்த்தாலும் செய்தி பார்த்தாலும் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மகள் நித்தியா பதின்மூன்று வயதில் அவரோடு ஓட வந்தாள். வற்புறுத்தி ஒன்றும் கூட்டிப் போகவில்லை. ஒருநாள் காலையில் பள்ளிக்கூடச் சூவை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான். அந்த மூன்று வருஷம் மகேந்திரன் சந்தோஷமாக இருந்தார். பக்கத்தில் இன்னொரு சின்ன மூச்சு சேர்ந்து கேட்பது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவர் பிரமிளாவிடம்கூடச் சொன்னதில்லை. நித்தியாவிடம் சொன்னதே இல்லை. அவளிடம் சொன்னதெல்லாம் கையை இப்படி ஆட்டாதே, முழங்கையை மடக்கு, தோளை இறக்கு, வாயை மூடு என்பதுதான். அவள் பள்ளி அளவில் முதலாவதாக வந்தபோது, "ரெண்டாவது வந்தவ நொண்டி மாதிரி ஓடுனா, நீ முதலாவது வராம என்ன?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில், ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "சேத்துல எருமை நடக்குற மாதிரி ஓடுறியே, உனக்கெல்லாம் எதுக்கு இது?" என்று கேட்டுவிட்டார். நித்தியா நின்றாள். குனிந்து சூக்கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பிறகு அந்தக் கூட்டத்தை நோக்கி நடந்துபோய் அதோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தக் கூட்டம் கோகிலனுடையது என்பதுதான் மகேந்திரனுக்குத் தாங்கவில்லை.

கோகிலன் பிரமிளாவின் தம்பி. ரவாங் டவுனில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை படியேறினால் மூச்சு வாங்கும் உடம்பு. திடீரென்று ஒருநாள் ஞானோதயம் வந்து, பிள்ளை பிறந்தால் வாங்குகிற மாதிரி சாமான் சாமானாக வாங்கிக் குவித்தான். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை, இருதயம் துடிப்பதைச் சொல்லும் கடிகாரம், இடுப்பில் ஒரு பட்டை, அதற்குள் பசை பசையாகச் சாப்பாட்டுப் பொட்டலம், பிளாஸ்டர், உப்பு மாத்திரை. ஓடுகிறானா, தேர்வலம் போகிறானா என்று மகேந்திரன் கேட்டார். கோகிலன் சிரித்தான். அவனிடம் அதுதான் கோளாறு. எதைச் சொன்னாலும் சிரிப்பான். அவனைச் சுற்றி ஒரு பத்துப் பேர், 'ஜாலி ரன்னர்ஸ்' என்று ஒரு பெயர், ஞாயிறுதோறும் ஏரியைச் சுற்றி மூன்று வட்டம், அது முடிந்ததும் பாவா கடையில் ஆளுக்கு மூன்று ரொட்டி சானாய். ஓடிக் கரைத்ததைப் போல இரண்டு மடங்கு உள்ளே போகும். கடைக்காரர் பாவா, தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர், அவர்களுக்கென்றே நீளமாக மேசையைச் சேர்த்துப் போட்டு வைப்பார். வியாபாரி அல்லவா, யார் எவ்வளவு ஓடினால் அவருக்கென்ன?

நித்தியா அங்கே பசியாறிக்கொண்டிருந்த ஒரு காலையில் மகேந்திரன் அவளைக் கூட்டிப்போக வந்தார். மேசையில் சிரிப்பும் கூத்துமாக இருந்தது. அவர் வந்ததும் குறைந்தது.

"உட்காருங்க மச்சான்," என்று கோகிலன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "பாவா அண்ணே, மச்சானுக்கு ஒரு தே தாரே, சீனி கொறைச்சு!"

"வேணாம். திங்கிறதுக்காக நான் ஓடல."

"சரி லா மச்சான். ஒரு விஷயம் சொல்லணும். கோலசிலாங்கூர் மாரத்தான்ல நானும் பேர் கொடுத்துட்டேன். ஃபுல். நீங்களும் ஓடுறீங்கன்னு அக்கா சொன்னாங்க."

மகேந்திரன் அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "நீயா? நாப்பத்திரெண்டு கிலோமீட்டரா? வழியில எத்தனை ரொட்டிக் கடை இருக்குன்னு விசாரிச்சிட்டியா?"

மேசையே சிரித்தது. எல்லாரையும்விடக் கோகிலன்தான் சத்தமாகச் சிரித்தான். நித்தியா சிரிக்கவில்லை.

"மாமா முடிச்சிடுவாங்கப்பா," என்றாள். "உங்களுக்கு முன்னாலயே வந்தாலும் வருவாங்க."

மகேந்திரனுக்குச் சுருக்கென்றது. "ஓ. அப்படியா? சரி. உங்க மாமா எனக்கு முன்னால கோட்டைத் தாண்டட்டும். அதுக்கப்புறம் உன் ஓட்டத்தைப் பத்தி நான் வாயே தொறக்கல. நீ யார்கூட வேணும்னாலும் ஓடு, எப்படி வேணும்னாலும் ஓடு. ஆனா நான் முன்னால வந்தா, இந்த ரொட்டிக் கூட்டத்த விட்டுட்டு மறுபடியும் என்கூடத்தான் ஓட வரணும்."

"மச்சான், பிள்ளைய வச்சு எதுக்கு..." என்று கோகிலன் ஆரம்பித்தான்.

"இருங்க மாமா," என்றாள் நித்தியா. அப்பாவையே பார்த்தாள். "ஓகேப்பா. ஆனா பேச்சுன்னா பேச்சு. யாரும் மாத்தக்கூடாது."

"நான் என்னைக்குப் பேச்சு மாத்தியிருக்கேன்?"

வீட்டில் இதைக் கேட்ட பிரமிளா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "'என்கூட ஓட வாம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா வந்துடப் போறா. அதுக்கு நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடணுமா? நல்லாயிருக்கு போங்க."

கேட்கிற பழக்கம் மகேந்திரனுக்கு இல்லை. அவருக்குத் தெரிந்தது ஜெயித்து வாங்குவதுதான்.

அதன்பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. வேலைக்குப் போகும் முன்னால் சுங்கை சோ ரோட்டில் மணல் லோரிகளின் தூசியைத் தின்றுகொண்டு ஓடினார். தொழிற்சாலை நாய்கள் துரத்தின. ஒரு விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு சுங்கை பஞ்சாங் வரைக்கும் போய், வயல்களுக்கு நடுவே நீட்டி நிமிர்ந்து கிடந்த பாதையில் தன்னந்தனியாக ஓடினார். கொக்குகளைத் தவிர ஈ காக்கை இல்லை. யாரும் மோர்னிங் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையிலேயே மிகவும் திருப்தியாக ஓடிய ஓட்டம் அதுதான். ஆனாலும் நடுவே இரண்டு மூன்று தடவை பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். தோளை இறக்கு என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஓட்டத்தின் பாதையை அறிவித்தார்கள். மலாவாத்தி குன்றுக்குக் கீழே புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் போய்ச் சுற்றி, அதே பாலத்தின் வழியாகத் திரும்ப அங்கேயே வர வேண்டும். நடுவில் ஆத்தோரத் தோட்டம் என்ற எஸ்டேட். மகேந்திரன் பிறந்த இடம். அவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர், வருஷத்துக்கு ஒருமுறை சின்னம்மா இராஜம்மாவைப் பார்க்க வந்தாலும் காரை அணைக்காமலேயே பேசிவிட்டுப் புறப்படுகிற ரகம். தோட்டத்து ஆட்களுக்குத் திருவிழாவை விட்டால் வேறு என்ன தெரியும் என்பார். மிச்சமிருந்த முப்பது நாற்பது குடும்பமும் அம்மன் கோயிலைச் சுற்றியே வீடு கட்டிக்கொண்டு கிடந்ததை வைத்து அப்படிச் சொல்வார்.

அன்றைக்கு இருட்டிலேயே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மகேந்திரன் முன்னால் போய் நின்றுகொண்டார். கோகிலன் எங்கோ பின்னால், யாரென்றே தெரியாத சீனக் கிழவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். முதல் பாதி மகேந்திரனுக்கு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை தண்ணீர் மேசைகளில் நின்று குடிக்கவும் செய்தார். பஸ்ஸில் ஏறிய ஞாபகம் அந்த அளவுக்காவது புத்தி கொடுத்திருந்தது. பாதை வளைந்து திரும்பும் இடத்தில் எதிர்ச்சாரியில் மஞ்சள் சட்டை தெரிந்தது. கோகிலன் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டே வந்தான். மகேந்திரன் நினைத்ததைவிடக் கிட்டத்தில் இருந்தான்.

"ஸ்ட்ரோங் மச்சான்! போங்க, போங்க!"

மகேந்திரன் கையை நீட்டவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

பொழுது நன்றாக விடிந்து, வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கியபோது ஆத்தோரத் தோட்டத்துக் கோயில் வந்தது. மேளச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு பந்தல் தெரிந்தது. மகேந்திரன் ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒதுங்கினார்.

நடந்தது இவ்வளவுதான். ஓட்டத்தை நடத்தியவர்கள் வழியில் இருந்த குடியிருப்புகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி, ஓடி வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆத்தோரத் தோட்டத்துக்காரர்களுக்கு ரோட்டில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரே ஒரு முறைதான் தெரியும். தோரணம் கட்டினார்கள். வேப்பிலை செருகினார்கள். மோரும் ரோஸ் சிரப்பும் கலக்கினார்கள். பால்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி, காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக நிரப்பி வைத்தார்கள். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கையில் கிளாஸ் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் நம்மாள் என்று தெரிந்தால் கால் கழுவாமல் விடவில்லை. விடியும் முன்பே எழுந்து, வெறும் வயிற்றோடு, நெஞ்சில் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு, இத்தனை தூரம் ஒருத்தன் ஓடி வருகிறான் என்றால் அது வேண்டுதலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. வேண்டுதல் இல்லாமல் எவனாவது தன் உடம்பை இந்தப் பாடு படுத்துவானா?

"ஐயோ, நம்ம மகேந்திரன்! எங்க அக்கா மவன்!" இராஜம்மா குடத்தோடு நடு ரோட்டுக்கே வந்துவிட்டாள். "யாத்தா, எந்த வேண்டுதலுக்குப்பா இப்படி ஓடியார?"

"சின்னம்மா, வேணாம்! சூ நனைஞ்சிடும்! வழிய விடுங்க!"

"ஒரு நிமிசம் சூவக் கழட்டிட்டு உக்காருப்பா. நாக்காலி போட்டிருக்கு பாரு."

நாற்காலி இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் துவாலையோடு நின்றாள். மகேந்திரன் திரும்பிப் பார்த்தார். வளைவில் மஞ்சள் சட்டை.

"நேரமில்ல!"

"சரி, ஆத்தா ஒண்ணும் நினைக்க மாட்டா," என்று இராஜம்மா அப்படியே குனிந்துவிட்டாள். காலடியில் குனிந்திருக்கும் கிழவியின் தலையைத் தாண்டிக் குதிக்க மகேந்திரனாலும் முடியவில்லை. முதல் குடம் வலது காலில், இரண்டாவது இடது காலில். மூன்றாவதாக ஒருத்தி ஓடி வந்து இரண்டுக்கும் சேர்த்து ஊற்றினாள். நெற்றியில் திருநீறு அப்பினார்கள். மேளக்காரன் உற்சாகமாகி அவர் முகத்துக்கு எதிரிலேயே வந்து அடித்தான். எல்லாம் கிறுக்குப் பிடித்த கூட்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மகேந்திரன் பிய்த்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். கோகிலன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். கோயிலைக் கண்டதும் சூவைக் கழற்றுவது அவனுக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம். யாரும் சொல்லும் முன்பே சூவையும் காலுறையையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டிருந்தான். இராஜம்மா காலில் தண்ணீர் ஊற்ற, இவன் கும்பிட, அந்தப் பெண் துவாலையால் துடைத்துவிட, கையில் மோர் கிளாஸ். போதாததற்குப் பெண்கள் எல்லாரையும் பின்னால் நிற்க வைத்து ஒரு படம் வேறு. மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. தொலைந்தான் என்று நினைத்தார். நித்தியா ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வரப்போகிறாள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

சூ சளக் சளக்கென்று பேசத் தொடங்கியது. பருத்திக் காலுறை குடித்த தண்ணீரை விடவில்லை. ஊறிப்போய், மடிந்து மடிந்து விரல்களுக்கு முன்னால் போய்ச் சுருண்டுகொண்டது. முதலில் குதிகாலில் எரிச்சல். பிறகு பெருவிரலுக்குக் கீழே. செம்பனைக் காடு முடிவதற்குள் கொப்புளம் கட்டி, ரோட்டுக்கு வருவதற்குள் அது உடைந்து, ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணில் நீர் முட்டியது. நின்று காலுறையைப் பிழிந்திருக்கலாம். நிற்பது ரொட்டிக் கூட்டத்தின் வேலை என்று நிற்காமல் ஓடினார். பிறகு ஓட்டம் நொண்டலாயிற்று. ஆற்றுப் பாலத்தில் அது நடையாயிற்று. மோர்னிங் சொல்கிற சாதியினர் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். "யூ கேன் டூ இட், அங்கிள்," என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்பதற்கு அந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

பாலம் முடிகிற இடத்தில் மஞ்சள் சட்டை பக்கத்தில் வந்தது.

"என்ன மச்சான், காலெல்லாம் ரத்தம்?" கோகிலன் நின்றே விட்டான். வெள்ளைக் காலுறை மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. "உட்காருங்க, என்கிட்ட பிளாஸ்டர் இருக்கு."

"போடா. உன் வழியப் பாத்துக்கிட்டுப் போ."

"உங்கள இப்படி விட்டுட்டுப் போனா அக்கா என்னைய வீட்டுக்குள்ள விடுவாங்களா? வாங்க, சேர்ந்து நடப்போம்."

ஓடியிருந்தால் அவன் கால்மணி நேரத்துக்குள் கோட்டில் இருந்திருப்பான். அவன் போகவில்லை. மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள் என்றான். இராஜம்மா சின்னம்மா, மகேந்திரன் சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று வெறுங்காலோடு ஓடுவதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்றான். மூச்சு விடாமல் பேசுகிறானே என்று மகேந்திரன் உள்ளுக்குள் வைதார். ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நடக்க முடிந்தது. அது அவருக்கும் தெரிந்தது. அதற்காகவும் அவனை வெறுத்தார்.

மலாவாத்தி குன்றுக்குக் கீழே வளைவு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிப் பதக்கம் போட்டுவிடப் பள்ளி மாணவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் நித்தியாவும் நின்றாள். மாமாவும் அப்பாவும் சேர்ந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. அப்படி அவள் சிரித்து மகேந்திரன் பார்த்து வெகுநாளாயிற்று.

கோட்டுக்கு நாலு எட்டு இருக்கும்போது கோகிலன் வேகத்தைக் குறைத்தான். அரை அடி பின்வாங்கி, ஒதுங்கி, கையை நீட்டினான். அக்கா வீட்டு வாசலில் எப்போதும் அப்படித்தான் செய்வான். அக்காள் புருஷனை முன்னால் போகவிட்டு அப்புறம்தான் தான் நுழைவான்.

"போங்க மச்சான்."

மகேந்திரனுக்குப் புரிந்தது. அவன் விட்டுக்கொடுக்கிறான். ஜெயித்தவன் அவன். இதை ஊரே பார்க்கிறது, நித்தியா பார்க்கிறாள். "நீ போடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம், அவன் தோளில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு சேர்ந்தே தாண்டினாலும் போதும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் கால் முந்திக்கொண்டது. கொப்புளம் உடைந்த அந்தக் காலை எடுத்து மகேந்திரன் கோட்டுக்கு அப்பால் வைத்தார்.

நித்தியாவின் கைகள் இறங்கின.

அவள்தான் அவர் கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள். காலுறையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மகேந்திரன் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, ஆனால் அவருக்கு அது நன்றாகத் தெரியும். மூடியை வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைக் கண்டுவிட்டு, கழிவுப் பெட்டியில் வீசுவதற்கு முன்னால் அவர் பார்க்கிற பார்வை அது.

"ஜெயிச்சிட்டீங்கப்பா," என்றாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பிறகு நகர்ந்து மாமாவிடம் போனாள். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் வழக்கம்போலச் சிரித்தான்.

பதக்கத்தை மகேந்திரன் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டவில்லை. கேட்ட பிரமிளாவுக்கு, ஆணி இல்லை என்றார். ஒரு பெட்டி நிறைய ஆணி சமையலறையில் இருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

காலில் புண் ஆறாமலேயே ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகேந்திரன் கதவைத் திறந்தபோது நித்தியா சூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இருவரும் ஏரியைச் சுற்றினார்கள். அவள் முழங்கையை மடக்கியிருந்தாள். தோளை இறக்கியிருந்தாள். வாயை மூடியிருந்தாள். மூன்று வருஷமாக அவர் கத்திச் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் விடாமல், அச்சில் வார்த்த மாதிரி ஓடினாள். குறை சொல்ல ஒரு கீறல் இல்லை. அவர் நொண்டி நொண்டி வந்ததால் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

எதிரே கோகிலனின் கூட்டம் கூச்சலும் கும்மாளமுமாக வந்தது. "மோர்னிங் மச்சான்! நித்தி, பசியாற வர்றியா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார்கள். நித்தியா தலையை ஆட்டி மறுத்துவிட்டு நேராகப் பார்த்து ஓடினாள்.

ஒரு வட்டம் முழுக்க மகேந்திரன் பொறுத்துப் பார்த்தார். பக்கத்தில் மூச்சு கேட்டது, அவ்வளவுதான். கடைசியில் அவரே நின்றார்.

"போம்மா," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அவங்ககூடப் போய் ஓடு. நான் சொன்னதெல்லாம் விட்டுடு. போ."

நித்தியா நின்ற இடத்திலேயே கால்மாற்றி ஓடிக்கொண்டிருந்தாள், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, உடம்பு ஆறிவிடாமல்.

"பேச்சுன்னா பேச்சுப்பா," என்றாள். "நீங்கதானே ஜெயிச்சீங்க."

அவர் மறுபடி ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பக்கத்தில் ஒரு முழம் இடைவெளி விட்டுக் கூடவே ஓடினாள்.